மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ போய்விட்டால் செல் எப்படிப் பிழைக்கிறது?

கேட்டிருப்பது இது: “மைட்டோகாண்ட்ரியாதான் செல்லுக்குச் சக்தி தருகிறது என்று பள்ளியில் படித்தோம். அதற்குள் இருக்கும் டிஎன்ஏவை முழுக்க நீக்கிய மனிதச் செல்களை ஆய்வகத்தில் மாதக்கணக்கில் வளர்க்கிறார்கள் என்றும் படிக்கிறேன். சுவாசமே நின்றுபோன செல் எப்படி உயிரோடு இருக்கிறது? அதில் மைட்டோகாண்ட்ரியா இருக்குமா?”

இருக்கும். டிஎன்ஏ போனாலும் மைட்டோகாண்ட்ரியா போகாது, செல் அதைக் கைவிடுவதே இல்லை. வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டுக்கொண்டிருந்தவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் உழைத்து அவரைப் பார்த்துக்கொள்வது போல, செல் வெளியே சம்பாதித்த ஏடிபியை, அதாவது செல்லின் சக்தி நாணயமாக இருக்கும் மூலக்கூறை, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பிச் செலவழிக்கிறது. அப்படிச் செலவழித்தாவது அதை ஏன் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சக்தி என்ற ஒரே கணக்கை வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், போவது எது என்று பார்த்துவிடுவோம். மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ ஒரு சின்ன வளையம். 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். ஒரு செல்லில் இதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த 37இல் 22 டிஆர்என்ஏவுக்கு, 2 ரைபோசோம் ஆர்என்ஏவுக்கு, மிச்சம் 13 மட்டும்தான் புரதத்துக்கு. 13 புரதங்களும் ஒரே வேலைக்கானவை: சுவாசச் சங்கிலியின் (எலக்ட்ரானைக் கைமாற்றிக் கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்க்கும் புரத வரிசை) முதல், மூன்றாம், நான்காம் கூட்டமைப்புகளிலும், ஏடிபி தயாரிக்கும் ஏடிபி சின்தேஸிலும் சேருபவை. மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிற ஆயிரத்துக்கும் மேற்பட்ட மற்ற புரதங்களுக்கான மரபணுக்கள் உட்கருவில்தான் இருக்கின்றன. அவை வெளியே செய்யப்பட்டு உள்ளே இறக்குமதியாகின்றன. அதனால் டிஎன்ஏ போனால் ஆக்சிஜன் பயன்படுத்தும் சங்கிலி அறுந்துவிடும், ஆனால் உறுப்பின் சவ்வும், உள்ளே நடக்கும் வேறு பல வேலைகளும் அப்படியே மிஞ்சும். மிஞ்சும் என்றால், தொடர்ந்து இறக்குமதி நடந்தால் மிஞ்சும். இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பி வரும்.

கதை ஈஸ்டில் ஆரம்பிக்கிறது. 1949இல் பாரிசில் போரிஸ் எஃப்ரூசி என்ற மரபியலாளர், ரொட்டி ஈஸ்டைத் தட்டில் வளர்க்கும்போது வழக்கமான கூட்டங்களுக்கு நடுவே சில மிகச் சின்னதாக வளர்வதைக் கவனித்து அவற்றைப் பின்தொடர்ந்தார். பிரெஞ்சில் சிறியது என்ற பொருளில் அவற்றுக்கு ‘பெட்டிட்’ என்று பெயர். அக்ரிஃபிளேவின் என்ற சாயத்தைச் சேர்த்தால் கிட்டத்தட்ட எல்லாச் செல்களுமே இப்படி ஆகிவிட்டன. அவை சர்க்கரையைப் புளிக்க வைத்து வாழ்ந்தன, கிளிசரால் மட்டும் கொடுத்தால் வளரவே இல்லை, ஏனென்றால் கிளிசராலில் வாழ சுவாசம் வேண்டும். நல்ல ஈஸ்டோடு கலப்பு செய்தால் சந்ததி முழுதும் நன்றாகவே பிறந்தது. உட்கருவில் இருக்கிற மரபணு கெட்டிருந்தால் பாதிக்காவது அது போயிருக்க வேண்டும். ஆகவே கெட்டது உட்கருவுக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்று என்று அவர் முடிவுக்கு வந்தார். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டிஎன்ஏ இருக்கிறது என்பது தெரியவர இன்னும் பதினான்கு வருஷம் வாக்கில் இருந்தது, அதற்கு முன்பே இந்த முடிவுக்கு வந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். அடினின் தயாரிக்கும் பாதையில் ஒரு குறிப்பிட்ட மரபணு கெட்ட ஈஸ்ட் வகை, தட்டில் நல்ல செங்கல் நிறத்தில் வளரும். அந்த நிறமி உருவாக சுவாசம் வேண்டும். மூன்று நாள் கழித்துத் தட்டைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக் கூட்டங்களுக்கு இடையில் அங்கங்கே கடுகளவு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவைதான் சுவாசத்தை இழந்தவை. யாரும் எதுவும் செய்யாமல், தானாகவே இழந்தவை.

மனிதச் செல்லில் இதைச் செய்ய நாற்பது வருஷம் ஆனது. 1989இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கிங், அட்டார்டி இருவரும் 143பி என்ற எலும்புப் புற்றுநோய்ச் செல் வகையை மிகக் குறைந்த அளவு எத்திடியம் புரோமைடில் வைத்து வளர்த்தார்கள். ஜெல்லில் டிஎன்ஏ பார்க்க நாம் பயன்படுத்தும் அதே எத்திடியம்தான். அது நேர்மின்னேற்றம் கொண்டது, மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் எதிர்மின்னேற்றம் கொண்டது, அதனால் உள்ளே போய்ச் சேர்ந்து அங்கிருக்கும் டிஎன்ஏ பிரதியெடுப்பதைத் தடுத்துவிடும். உட்கரு டிஎன்ஏ பெரிதாகப் பாதிக்கப்படாது. செல் பிரியப் பிரிய மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பாதி, கால், அரைக்கால் என்று குறைந்து கடைசியில் பூஜ்யம். இப்படிப்பட்ட செல்லுக்கு ‘ரோ-ஜீரோ’ என்று பெயர்.

ஆனால் ஒரு சிக்கல். வழக்கமான வளர்ப்பு ஊடகத்தில் இவை சாகும். யூரிடினும் பைருவேட்டும் ஊற்றினால் பிழைக்கும். குளுக்கோஸ் நிறைய இருந்தும் இந்த இரண்டு இல்லையென்றால் சாவு. உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இங்கே இருக்கிறது. ஏடிபி பற்றாக்குறைதான் கொல்கிறது என்றால் குளுக்கோஸ் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோசை உடைக்கும் கிளைக்காலிசிஸில் ஒரு குளுக்கோசுக்கு 2 ஏடிபிதான் வரும், சுவாசத்தோடு சேர்த்தால் 30 வாக்கில் வரும், அது சரி. ஆனால் இந்தச் செல்கள் குளுக்கோசை வாரி வாரி விழுங்கி அந்தக் குறையைச் சமாளித்துவிடுகின்றன. அவற்றைக் கொல்வது வேறு.

யூரிடின் எதற்கு? டிஎன்ஏவுக்கும் ஆர்என்ஏவுக்கும் வேண்டிய பிரிமிடின்களைச் செல் தானே செய்துகொள்ளும். அந்தப் பாதையில் ஒரே ஒரு படி, டைஹைட்ரோஓரோடேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி செய்வது, மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் நடக்கிறது. அந்த நொதி உட்கரு மரபணுவில் இருந்து வருவது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது தான் எடுத்த எலக்ட்ரான்களை, சவ்வில் எலக்ட்ரான் சுமக்கும் யூபிகுயினோனிடம் கொடுக்க வேண்டும், யூபிகுயினோன் மூன்றாம் கூட்டமைப்பிடம் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. யூபிகுயினோன் முழுக்க நிரம்பி நிற்கிறது, நொதியும் நின்றுவிடுகிறது. ஆர்என்ஏ எழுத எழுத்தில்லாமல் செல் நிற்கிறது. யூரிடினை வெளியிலிருந்து கொடுத்தால் இந்தப் படியையே தாண்டிவிடலாம். மனிதச் செல்லுக்கு முன்பே மாண்ட்ரியாலில் மொரேயின் குழு கோழிச் செல்களில் இந்த யூரிடின் தேவையைக் கண்டுபிடித்திருந்தது, அந்தத் துப்பு இல்லாமல் 1989 வேலை நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

பைருவேட் கதையும் இதற்குச் சொந்தம்தான். கிளைக்காலிசிஸ் ஓட என்ஏடி வேண்டும், அது எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு என்ஏடிஎச் ஆகிவிடும், திரும்ப என்ஏடி ஆனால்தான் அடுத்த சுற்று. சாதாரணச் செல்லில் என்ஏடிஎச்சின் எலக்ட்ரான் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேரும். இங்கே அந்த வழி அடைப்பு. கிளைக்காலிசிஸில் வரும் பைருவேட்டை லாக்டேட் ஆக்கினால் கணக்கு சரியாகிவிடும்தான், ஆனால் வளர்கிற செல் அந்தப் பைருவேட்டிலும் கார்பன் எடுத்து மற்ற காரியங்களுக்குப் பயன்படுத்துகிறது. அப்போது எலக்ட்ரான் பாக்கி நிற்கும். வெளியிலிருந்து வரும் பைருவேட் அந்தப் பாக்கியை வாங்கிக்கொண்டு லாக்டேட்டாக வெளியே போகிறது. ரோ-ஜீரோ செல் வளர்த்தவர்களுக்கு இது கண்ணால் தெரிந்த விஷயம். இளஞ்சிவப்பாக ஊற்றிய ஊடகம் சாதாரணச் செல்லில் இரண்டு மூன்று நாள் தாங்கும். இவற்றில் மறுநாள் காலையிலேயே எலுமிச்சை மஞ்சளாகி நிற்கும், அவ்வளவு அமிலம். நான் வளர்த்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஊடகம் மாற்றப் போயிருக்கிறேன், போகாவிட்டால் திங்கட்கிழமை பாதி செல் மிதக்கும்.

2015இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் இதை இன்னும் ஒரு படி இறங்கிப் பார்த்தன. என்ஏடி குறைந்தால் முதலில் அடிபடுவது எது? அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம். புரதத்துக்கு மட்டுமல்ல, பிரிமிடினுக்கும் பியூரினுக்கும் அதுதான் மூலப்பொருள், ரத்தத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொள்வதும் பெரும்பாலான செல்களுக்குக் கஷ்டம். சுவாசம் அடைபட்ட செல்லுக்கு அஸ்பார்டேட்டை மட்டும் போதுமான அளவு உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தால் அது மறுபடியும் பெருக ஆரம்பிக்கிறது. பைருவேட்டுக்குப் பதில் ஆல்ஃபா-கீட்டோபியூட்டிரேட் என்ற, எரித்துச் சக்தி எடுக்கப் பெரிதாக உதவாத, ஆனால் எலக்ட்ரான் வாங்கத் தெரிந்த ஒரு பொருளைக் கொடுத்தாலும் அதே பலன். அதாவது பெருகுகிற செல் சுவாசத்திடம் முக்கியமாக எதிர்பார்ப்பது ஏடிபியை அல்ல, வேண்டாத எலக்ட்ரானைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடத்தை.

சரி, இப்போது மைட்டோகாண்ட்ரியாவை ஏன் காப்பாற்ற வேண்டும் என்ற விஷயத்துக்கு வருவோம். சுவாசம் இல்லாவிட்டாலும் செல்லுக்கு அந்த உறுப்புக்குள் நடக்கும் சில வேலைகள் வேண்டும். அதில் முதன்மையானது இரும்பு-கந்தகக் கொத்துகள் செய்வது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த இந்தச் சின்னக் கொத்துகள், உட்கருவில் டிஎன்ஏ பிரதியெடுக்கும், பழுதுபார்க்கும் நொதிகளில் பலவற்றுக்கு அவசியம். இந்தத் தயாரிப்புக்கான புரதங்கள் எல்லாம் இறக்குமதி. இறக்குமதிக்கு உட்சவ்வின் இரு பக்கமும் மின்னழுத்த வேறுபாடு வேண்டும். உள்ளே எதிர்மின்னேற்றம் இருந்தால்தான் புரதத்தின் முனை உள்ளே இழுக்கப்படும். அந்த மின்னழுத்தத்தை உருவாக்கியதே சுவாசச் சங்கிலிதான். அது போய்விட்டது. அப்படியென்றால் மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது?

செல் இங்கே பழைய இயந்திரத்தைப் பின்பக்கமாக ஓட்டுகிறது. ஏடிபி சின்தேஸுக்கு இரண்டு பாகம். சவ்வுக்குள் பதிந்து புரோட்டானை விடும் பாகம் ஒன்று, அதில் இரண்டு புரதங்கள் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் எழுதப்பட்டவை, அதனால் அது முடங்கிவிட்டது. சவ்விலிருந்து மைட்டோகாண்ட்ரியாவின் உட்பக்கமாகக் குமிழ் போல நீட்டி நிற்கும் எஃப்1 பாகம் முழுக்க உட்கரு மரபணுக்களின் தயாரிப்பு, அது மிஞ்சியிருக்கிறது. ஏடிபி செய்ய முடியாது, ஆனால் ஏடிபியை உடைக்க முடியும். சவ்வில் இன்னொரு புரதம் இருக்கிறது, ஏடிபி என்ற டிரைபாஸ்பேட்டையும், அது உடைந்து ஒரு பாஸ்பேட் குறைந்த டைபாஸ்பேட்டையும் மாற்றிக்கொடுக்கும் பண்டமாற்றுக்காரர். வழக்கமாக டைபாஸ்பேட் உள்ளே, டிரைபாஸ்பேட் வெளியே. ரோ-ஜீரோ செல்லில் திசை திரும்புகிறது. கிளைக்காலிசிஸ் தந்த டிரைபாஸ்பேட் உள்ளே வருகிறது, அதில் நான்கு எதிர்மின்னேற்றம். எஃப்1 அதை உடைக்கிறது. டைபாஸ்பேட் வெளியே போகிறது, அதில் மூன்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு எதிர்மின்னேற்றம் உள்ளே தங்குகிறது. மறுபடி, மறுபடி. இப்படிச் சில்லறை சில்லறையாகச் சேர்ந்து சவ்வில் ஒரு மின்னழுத்தம் நிற்கிறது. சாதாரணச் செல்லில் இருப்பதைவிடக் குறைவுதான், ஆனால் கதவைத் திறந்து வைக்கப் போதும். பண்டமாற்றுப் புரதத்தை மருந்தால் அடைத்தால் இந்த மின்னழுத்தம் விழுந்துவிடுகிறது. ஈஸ்டில் அதே புரதத்தின் மரபணுவைக் கெடுத்தால் அந்த ஈஸ்ட் டிஎன்ஏவை இழந்து வாழவே முடிவதில்லை.

எல்லா ஈஸ்டுக்கும் இது வராது என்பது இன்னும் சுவாரசியம். பாலில் வாழும் குளூய்வெரோமைசிஸ் லாக்டிஸ் என்ற ஈஸ்ட், டிஎன்ஏ போனால் செத்துவிடும். அதில் அபூர்வமாகப் பிழைத்தவற்றை எடுத்துப் பார்த்தபோது மாற்றம் எஃப்1 பாகத்தின் ஆல்ஃபா, பீட்டா, காமா உறுப்புகளில் இருந்தது. அதாவது பிழைப்பதற்கான சாவி எஃப்1இல்தான்.

இதே சாவியை இயற்கையில் ஓர் ஒட்டுண்ணியும் எடுத்திருக்கிறது, அதுவும் நமக்குத் தெரிந்த ஒட்டுண்ணி. குதிரை, ஒட்டகம், மாடு, நாய்க்கு வரும் சர்ரா நோயைக் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 1880இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் நோயுற்ற குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் நெளிந்த கிருமியைக் கண்டார். அவர் பெயரால் டிரிப்பனோசோமா எவான்சி. அதன் நெருங்கிய உறவான ஆப்பிரிக்க டிரிப்பனோசோமா புரூசியின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, ஆயிரக்கணக்கான வளையங்கள் சங்கிலிக் கவசம் போலக் கோத்த ஒரு வலை. எவான்சி அதை முழுதாகவோ பெரும்பகுதியோ தொலைத்துவிட்டது. புரூசி அதைத் தொலைத்தால் சாகும். எவான்சி பிழைக்கக் காரணம், காமா உறுப்பில் ஒரே ஒரு அமினோ அமில மாற்றம். 2013இல் எடின்பரோ குழு அந்த ஒற்றை மாற்றத்தைப் புரூசிக்குள் வைத்துக் காட்டியது: அதுவும் டிஎன்ஏ இல்லாமல் வாழ்ந்தது. டிஎன்ஏ போனதால், ஆப்பிரிக்காவில் புரூசியைப் பரப்பும் செட்சி ஈக்குள் வளரும் பருவம் எவான்சிக்கு இல்லை. அதனால் செட்சி ஈயும் தேவையில்லை, கடிக்கிற மாட்டு ஈயின் வாயில் ஒட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவை விட்டு ஆசியாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் பரவிவிட்டது. இன்னொன்று: 1950களிலிருந்து ஆப்பிரிக்காவில் மாடுகளின் டிரிப்பனோசோம் நோய்க்குக் கொடுத்த ஹோமிடியம் என்ற மருந்து வேறொன்றுமில்லை, நம் எத்திடியம்தான்.

செல் இதையெல்லாம் ‘தெரிந்துகொண்டு’ மரபணுக்களையும் மாற்றுகிறது. ஈஸ்டில் ரொனால்ட் பூட்டோவின் குழு கண்டுபிடித்த வழி நன்றாகத் தெரிந்தது: மைட்டோகாண்ட்ரியா செயலிழந்த சேதி ஆர்டிஜி என்ற மூன்று மரபணுக்கள் வழியாக உட்கருவுக்குப் போய், பெராக்சிசோமில் சிட்ரேட் செய்யும் நொதியைக் கூட்டுகிறது, அதனால் அரைகுறையாக நின்ற சிட்ரிக் அமிலச் சுழற்சியிலிருந்தும் குளூட்டமேட்டுக்கு மூலப்பொருள் கிடைக்கிறது. பாலூட்டிகளில் பாதை வேறு, ஏடிஎஃப்4 என்ற புரதம் அமினோ அமிலத் தயாரிப்பைத் தூக்கிவிடுகிறது. டிஇஎல்இ1 என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து அந்தச் சேதியை வெளியே கொண்டுவருகிறது என்பது 2020இல்தான் தெரிந்தது.

ஆனால் ‘தகவமைவு’ என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். எல்லாச் செல்லும் சமர்த்தாகச் சமாளித்துக்கொள்வது போல ஒரு படம் வருகிறது. 2009இல் சியாட்டிலில் காட்ஷ்லிங்கின் குழு, டிஎன்ஏ இழந்த ஈஸ்டைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தது. முதலில் வளர்கின்றன. பிறகு வேகம் குறைகிறது, பல செல்கள் பிரிவதையே நிறுத்துகின்றன, உட்கருவின் டிஎன்ஏவே சிதைய ஆரம்பிக்கிறது. காரணம் சுவாசம் போனது அல்ல. மின்னழுத்தம் குறைந்து இரும்பு-கந்தகக் கொத்து தயாரிப்பு தடுமாறியது. அந்த நெருக்கடியிலிருந்து வெளியே வந்தவைதான் நாம் தட்டில் பார்க்கும் நல்ல பெட்டிட் கூட்டங்கள். நாம் ஃபிளாஸ்கில் வளர்க்கும் ரோ-ஜீரோ செல்லைப் பார்க்கும்போதும் இதை மறக்கக் கூடாது, அவை வாரக்கணக்கில் எத்திடியத்தில் பிழைத்து வந்தவை, பிழைக்காதவை கழுவிப் போய்விட்டன.

உடம்பு என்று வந்தால் நிலைமை இன்னும் கடுமை. இந்த டிஎன்ஏவைக் காக்கும் டிஎஃப்ஏஎம் மரபணுவை முழுதாக நீக்கிய எலிக் கருக்கள் பத்தாம் நாள் வாக்கிலேயே இறந்துவிடுகின்றன. 1993இல் அமெரிக்காவில் மஞ்சள் காமாலை பி வகைக்கு ஃபயலூரிடின் என்ற மருந்தைச் சோதித்தார்கள். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் நொதி அந்த மருந்தையும் எழுத்தென்று நினைத்துக் கோத்துவிட்டது. சோதனையில் இருந்த 15 பேரில் 7 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது, 5 பேர் இறந்தார்கள், 2 பேர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள். பிறவியிலேயே இந்த டிஎன்ஏ குறைந்துகொண்டே போகும் நோய்களோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. தசை, கல்லீரல், மூளைதான் முதலில் விழும். ஃபிளாஸ்கில் யூரிடின் ஊற்றிக் காப்பாற்றுவது போல நரம்புச் செல்லைக் காப்பாற்ற முடியாது, அதற்கு ஏடிபியே பெரிய அளவில் வேண்டும்.

கடைசியாகப் புற்றுநோய். ‘புற்றுநோய்ச் செல்லுக்குச் சுவாசம் வேண்டாம், சர்க்கரை போதும்’ என்று இணையத்தில் நிறையப் பேர் எழுதுகிறார்கள், தயவுசெய்து நம்பாதீர்கள். 2015இல் நியூசிலாந்தின் பெரிட்ஜும் ஆஸ்திரேலியாவிலும் செக் நாட்டிலும் வேலை செய்யும் நோயிஸிலும் சேர்ந்து, டிஎன்ஏ இல்லாத தோல், மார்பகப் புற்றுநோய்ச் செல்களை எலிக்குள் செலுத்தினார்கள். கட்டி வாரக்கணக்கில் தாமதமாகத்தான் வந்தது. வந்த கட்டியை எடுத்துப் பார்த்தால் அதில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இருந்தது, செலுத்திய செல்லுடையது அல்ல, எலியுடையது. சுற்றியிருந்த செல்களிடமிருந்து முழு மைட்டோகாண்ட்ரியாவையே வாங்கிக்கொண்டிருக்கின்றன என்று 2017இல் காட்டினார்கள்.

எதற்காக வாங்கின? 2019இல் அதே குழு சோதித்தது. ஏடிபி சின்தேஸை மரபணு வழியாக முடக்கினாலும் கட்டி வளர்ந்தது. டைஹைட்ரோஓரோடேட் டிஹைட்ரோஜினேஸை முடக்கினால் கட்டி வளரவில்லை. மேலே யூரிடின் பத்தியில் சொன்ன அதே நொதி. ஃபிளாஸ்கில் அதற்குப் பதிலாக ஒரு மில்லி லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் யூரிடின் நாம் ஊற்றுகிறோம். எலிக்குள் ஊற்ற யாரும் இல்லாததால், அந்தச் செல்கள் பக்கத்துச் செல்லிடமிருந்து மைட்டோகாண்ட்ரியாவை வாங்க வேண்டியிருந்தது.